இராமானுஜனின் அட்டவணையில் விடுபட்ட எண்

பேரெண்கள் மனித மனத்தை என்றும் வியப்பில் ஆழ்த்தி வந்துள்ளன. கண்டி மாநகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்வோர், போயா தினங்களில் விகாரைகளிலிருந்து ஒலிபெருக்கி வழியே மிதந்து வரும் தரும உபதேசங்களைக் கேட்டிருப்பர். போதிசத்துவர் பாரமிதைகளை நிறைவு செய்வதற்கு எடுத்துக்கொண்ட காலம் நான்கு அசங்கியமும் நூறாயிரம் கற்பமும் என்பது பௌத்த மரபு. கச்சாயனரின் பாளி இலக்கணம் கோடியில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, ஒன்றின் பின்னே 140 சுழியங்கள் இட்டு எழுதத்தக்க அசங்கியத்தில் வந்து நிற்கும். நம் தமிழ் மரபும் இதற்குப் பின்தங்கியதன்று. ஐ, அம், பல் என முடியும் எண்ணுப்பெயர்களுக்குத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் புணர்ச்சி விதி கூறுகின்றது. தாமரை, வெள்ளம், ஆம்பல் முதலியன அவ்வாறான பெயர்கள் என உரையாசிரியர் காட்டுவர். மலரின் பெயரும் நீரின் பெயரும் எண்ணின் பெயராக நின்ற காலம் அது.

எனினும் இவ்விடங்களிலெல்லாம் பேரெண் தன் பருமை ஒன்றினாலேயே சிறப்புப் பெறுகின்றது. அது எத்துணைப் பெரிது என்பதே அங்கு செய்தி. அதனுள்ளே என்ன இருக்கின்றது என்பதன்று. எண்ணைப் பிளந்து உள்ளே நோக்கிய ஒருவரின் வரலாற்றையும், அவர் வகுத்த அட்டவணை ஒன்றில் நேர்ந்த ஒரு சிறு பிழையையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கலைப்பீடத்தில் வரலாறு பயிலும் ஒருவன் கணிதத்தைப் பற்றி எழுதப் புகுவது துணிவு எனச் சிலர் கருதக்கூடும். ஆனால் ஒரு பெருமகனை நாம் எவ்வாறு நினைவுகூருகின்றோம் என்பது கணித வினாவன்று. அது வரலாற்று வினா.

பகிர்வும் எண்ணும்

எண்ணை உள்நோக்கிப் பார்க்கும் பழக்கம் அறிஞரிடத்தில் அன்றி, அன்றாட வாழ்வில் பகிர்ந்துண்ணும் தேவையிலேயே தோன்றியது எனலாம். கண்டி இராச்சியத்தில் வயல் நிலம் நீள அகலங்களால் அளக்கப்படவில்லை. அதில் விதைப்பதற்கு வேண்டிய நெல்லின் அளவே நிலத்தின் அளவாகவும் கொள்ளப்பட்டது. பத்து லாஹ ஒரு பேல. நான்கு பேல ஓர் அமுணம். ஆகவே ஓர் அமுணம் நாற்பது லாஹ ஆகும். நாற்பதை இரண்டாகவும் நான்காகவும் ஐந்தாகவும் எட்டாகவும் பத்தாகவும் இருபதாகவும் மிச்சமின்றிப் பங்கிடலாம். தந்தையின் வயலை மக்கள் பிரித்துக்கொள்ளும் வேளையில் இதன் பயன் விளங்கும். நாற்பத்தொன்று என்ற எண்ணை அளவாகக் கொண்டிருந்தால், அதனை எவ்வாறு பிரித்தாலும் மிச்சம் நின்றிருக்கும். நம் வீடுகளில் ஒரு கொத்து அரிசி நான்கு சுண்டாகப் பிரிவதும், நம் முன்னோர் ஒரு நாளை அறுபது நாழிகையாகவும் ஒரு நாழிகையை அறுபது விநாழிகையாகவும் வகுத்ததும் இத்தகைய வசதி கருதியே பயன்பட்டு வந்தன எனலாம்.

மேலைத்தேயத்தில் இவ்வுண்மையை அரசியல் நூலொன்றிலேயே காண்கின்றோம். கிரேக்க மெய்யியலாளர் பிளேற்றோ, ‘சட்டங்கள்’ என்னும் தம் நூலில், தாம் கற்பனை செய்த நகரில் 5040 குடும்பங்கள் இருத்தல் வேண்டும் என்றார். 5040 தன்னை விடச் சிறிய 59 எண்களால் மிச்சமின்றி வகுபடும் என்பதும், அவற்றுள் 1 முதல் 10 வரையுள்ள எல்லா எண்களும் அடங்கும் என்பதும் அவர் காட்டிய காரணங்கள். வரி விதிப்பதற்கும் நிலம் பங்கிடுவதற்கும் படை வகுப்பதற்கும் ஏற்ற எண் அது என்பது அவர் கருத்து. இந்த 5040 என்ற எண்ணை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றேன். இக்கட்டுரையில் அது மீண்டும் இருமுறை வரும்.

இராமானுஜன் எழுப்பிய வினா

1887 ஆம் ஆண்டு டிசெம்பர் 22 ஆம் திகதி ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்த ஸ்ரீநிவாச இராமானுஜனின் வாழ்க்கை வரலாறு யாவரும் அறிந்ததே. கணிதம் தவிர்ந்த பாடங்களில் தேறாமையால் கல்லூரித் தேர்வில் மீண்டும் மீண்டும் தோல்வியுற்றார். 1912 இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுதுவினைஞரானார். 1913 சனவரி 16 ஆம் திகதியிட்டுக் கேம்பிறிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914 மார்ச் 17 ஆம் திகதி சென்னையிலிருந்து கப்பலேறினார். சில மாதங்களில் உலகப் போர் மூண்டது.

1915 என்றதும் இலங்கை வரலாறு பயிலும் மாணவர் நினைவில் எழுவது, வெசாக் காலத்தில் இக்கண்டி நகரில் தொடங்கி நாட்டின் பல பாகங்களுக்கும் பரவிய கலவரமேயாகும். அதே ஆண்டில்தான், போரின் நெருக்கடிக்கிடையே, இலண்டன் கணிதக் கழகத்தின் நடவடிக்கை ஏட்டில் இராமானுஜனின் அறுபது பக்கங்களுக்கு மேற்பட்ட ஆய்வுரை ஒன்று வெளிவந்தது. அதன் பொருள் அவர் வகுத்த ஒரு புதிய எண்வகை. அதனை ‘உயர்சேர்த்தி எண்கள்’ எனத் தமிழில் கூறலாம்.

அவர் எழுப்பிய வினா எளிமையானது. முதன்மை எண் என்பது ஒன்றினாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மிச்சமின்றி வகுபடாதது. அதற்கு நேர் எதிராக, மிகுதியாக வகுபடும் எண்கள் எவை? ஓர் எண் தனக்கு முன்னுள்ள எல்லா எண்களையும் விடக் கூடுதலான வகுத்திகளைக் கொண்டிருக்குமாயின் அதுவே உயர்சேர்த்தி எண். எடுத்துக்காட்டாக, 12 என்ற எண்ணுக்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுத்திகள் உள. அதற்கு முன்னுள்ள எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் இல்லை. ஆகவே 12 அவ்வகையைச் சேர்ந்தது. 24, 36, 48, 60, 120 என இவ்வரிசை தொடரும். பிளேற்றோவின் 5040 உம் இவ்வரிசையில் இடம்பெறுகின்றது.

இவ்வெண்களின் அமைப்பைப் பற்றி இராமானுஜன் பல உண்மைகளை நிறுவினார். அத்தகைய எண்ணொன்றைச் சிறிய முதன்மை எண்கள் முதலாக ஒன்றும் விடாது வரிசையாகப் பெருக்கி ஆக்கலாம். சிறிய முதன்மை எண் பெரியதை விடக் குறைந்த தடவை வருவதில்லை. 4, 36 ஆகிய இரண்டும் தவிர, மற்றெல்லாவற்றிலும் இறுதி முதன்மை எண் ஒரே ஒரு முறைதான் வரும். இவை போன்ற முடிபுகளுடன், அவ்வெண்களை நிரற்படுத்தி நீண்ட அட்டவணை ஒன்றையும் அவர் தந்தார். அதில் நூறுக்கு மேற்பட்ட எண்கள் உள. கணிப்பொறி இல்லாத காலத்தில், கையாலேயே கணித்து ஆக்கிய அட்டவணை அது.

அட்டவணையின் இறுதி எண்

அவ்வட்டவணையின் இறுதியில் நிற்பது 6746328388800 என்னும் எண். தமிழில் எழுதினால், ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெண்ணாயிரத்து எண்ணூறு. வெறும் பருமையால் நோக்கின், அசங்கியத்தின் முன் இது துரும்பு. ஆனால் இதனைப் பிளந்து பார்த்தால் வியப்பு வேறு திசையிலிருந்து வருகின்றது.

இவ்வெண் 2 ஐ ஆறு முறையும், 3 ஐ நான்கு முறையும், 5 ஐ இரு முறையும், 7 ஐ இரு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் பெருக்கக் கிடைப்பது. இதனை வேறொரு வகையாகவும் கூறலாம். 1 முதல் 10 வரையுள்ள எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண் 2520. அந்த 2520 ஐ அதனாலேயே பெருக்கி, வந்ததை 11, 13, 17, 19, 23 என்பவற்றால் பெருக்கினால் இவ்வெண் கிடைக்கும். ஆகவே 1 முதல் 28 வரையுள்ள எந்த எண்ணாலும் இதனை மிச்சமின்றி வகுக்கலாம். 29 இல்தான் முதன்முதலாக மிச்சம் நிற்கும்.

இதன் வகுத்திகள் எத்தனை என்று காண்பதும் அரிதன்று. ஒரு வகுத்தியை ஆக்கும்போது 2 என்பதை ஒரு முறையும் எடாமலோ, ஒன்று முதல் ஆறு முறை வரையோ எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஏழு வழிகள். இவ்வாறே 3 இற்கு ஐந்து வழிகள். 5 இற்கு மூன்று. 7 இற்கு மூன்று. எஞ்சிய ஐந்து முதன்மை எண்களுக்கும் இவ்விரண்டு வழிகள். இவற்றையெல்லாம் பெருக்க 10080 வரும். இந்த எண்ணை விடச் சிறிய எந்த எண்ணுக்கும் பத்தாயிரத்து எண்பது வகுத்திகள் இல்லை.

என் விடுதி அறைத்தோழர் விஞ்ஞான பீடத்தைச் சேர்ந்தவர். மகாவலிக் கரையில் மழை ஓயாது பெய்த ஒரு மாலையில், இப்பெருக்கலைத் தாளில் செய்து பார்க்குமாறு அவர் என்னைப் பணித்தார். 19 ஆல் பெருக்கும் இடத்தில் நான் இருமுறை தவறினேன். ஒன்பது முதன்மை எண்களைப் பெருக்கி ஒரே எண்ணைப் பெறுவதற்கே இந்நிலை. சரியான சேர்க்கை எதுவென்று தேடி, பொருந்தாதவற்றைக் கழித்து, நூறுக்கு மேற்பட்டவற்றை நிரற்படுத்தியவரின் உழைப்பு எத்தகையது என்பது அன்றுதான் எனக்கு ஓரளவு புலனாயிற்று.

விடுபட்ட ஓர் எண்

இத்தகைய அட்டவணையில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. பிற்காலத்தார் சரிபார்த்தபோது, 293318625600 என்ற உயர்சேர்த்தி எண் இராமானுஜனின் நிரலில் இல்லை என்பது தெரிய வந்தது. இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு என்ற இவ்வெண் அவர் அறியாத தூரத்தில் கிடந்ததன்று. இதனை 23 ஆல் பெருக்கினால் அட்டவணையின் இறுதி எண்ணே வரும். வேறு வகையாகக் கூறின், இறுதி எண்ணின் காரணிகளில் கடைசியான 23 ஐ மட்டும் நீக்கினால் எஞ்சுவது இவ்வெண். வாயில் வரை வந்தவரை வரவேற்க மறந்தது போன்றது இத்தவறு. இதன் வகுத்திகளை எண்ணினால் 7 × 5 × 3 × 3 × 16, அதாவது 5040. பிளேற்றோவின் எண்ணே இங்கு மீண்டும் வந்து நிற்கின்றது.

இத்தவறால் ஆய்வுரையின் எந்தத் தேற்றமும் பொய்யாகவில்லை. அட்டவணையில் ஒரு வரி குறைந்தது, அவ்வளவே. அவ்வாய்வுரை சமனிலிகளைக் கையாள்வதில் இராமானுஜனுக்கு இருந்த அசாதாரண ஆற்றலைக் காட்டுகின்றது என ஹார்டி மதிப்பிட்டார். அதன் பயனாகவே 1916 மார்ச்சில் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகம் ஆய்வுவழி இளங்கலைப் பட்டத்தை அவருக்கு அளித்தது. தேர்வறைகளில் தோற்றவருக்கு முதற் பட்டத்தைப் பெற்றுத் தந்தவை இவ்வெண்களே. பெருமை வாய்ந்த றோயல் கழகத்தின் உறுப்புரிமை 1918 இல் வந்தது.

விடுபட்ட பக்கங்கள்

எண் விடுபட்டது கவனப் பிசகால். அதே ஆய்வுரையில் மற்றொரு விடுபாடும் உண்டு. அதற்குக் காரணம் பணம். இலண்டன் கணிதக் கழகம் அக்காலத்தில் பண நெருக்கடியில் இருந்தமையால், அச்சுச் செலவைக் குறைக்கும் பொருட்டு, இராமானுஜன் தாம் எழுதியவற்றுள் ஒரு பகுதியை வெளியிடாது நிறுத்திக்கொண்டார். அப்பகுதி எழுபது ஆண்டுகளுக்கு மேல் அச்சேறவில்லை. அதற்கிடையில், 1920 ஏப்பிரல் 26 ஆம் திகதி, தமது முப்பத்திரண்டாம் வயதில் அவர் சென்னையில் மறைந்தார்.

1976 இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜோர்ஜ் அன்றூஸ், கேம்பிறிட்ஜ் திரித்துவக் கல்லூரி நூலகத்தில், இராமானுஜன் இறுதி நாட்களில் எழுதிய தாள்களைக் கண்டெடுத்தார். ‘தொலைந்த குறிப்பேடு’ என அவை பெயர் பெற்றன. 1988 இல் அக்குறிப்பேடு படிவடிவில் நூலாக வந்தபோது, 1915 இல் நிறுத்தப்பட்ட பகுதியும் அதனோடு சேர்ந்து வெளிவந்தது. 1997 இல் பிரெஞ்சு அறிஞர்களான நிக்கோலா, றொபின் ஆகியோர் அதனைக் குறிப்புரையுடன் பதிப்பித்தனர்.

அவ்விருவருள் றொபின் 1984 இலேயே ஒரு முக்கியமான முடிபை வெளியிட்டிருந்தார். கணிதத்தின் மிகப் பெரிய தீராத வினாக்களுள் ஒன்று, ஜெர்மானியரான றீமன் 1859 இல் முன்வைத்த கருதுகோள். ஓர் எண்ணின் வகுத்திகளையெல்லாம் கூட்டினால் வரும் தொகை குறிப்பிட்டதோர் எல்லைக்குக் கீழ் நிற்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை றொபின் எடுத்துக்கொண்டார். 5040 ஐ விடப் பெரிய எண்கள் அனைத்துக்கும் அது பொருந்துமாயின் றீமனின் கருதுகோள் உண்மை. ஒன்றுக்கேனும் பொருந்தாவிடின் அது பொய் என நிறுவினார். மூன்றாவது முறையாக 5040! இராமானுஜன் 1915 இல் செலவுக்கு அஞ்சி விலக்கி வைத்த பக்கங்களும், றீமனின் கருதுகோளை உண்மையெனக் கொண்டு, வகுத்திகளின் கூட்டுத்தொகைக்கு எல்லை காணும் இம்முயற்சியையே கொண்டிருந்தன. அப்பக்கங்கள் உரிய காலத்தில் அச்சேறியிருந்தால் இத்துறையின் வரலாறு வேறாக அமைந்திருக்கக் கூடும்.

நாம் விட்டுவிட்டவை

இனி மூன்றாவதொரு விடுபாட்டைப் பற்றிக் கூற வேண்டும். அது இராமானுஜன் செய்ததன்று, இலண்டன் கழகம் செய்ததுமன்று, நாம் செய்தது.

பாடசாலை நாட்களில் தமிழ்த்தினப் பேச்சுப் போட்டி ஒன்றில் இராமானுஜனைப் பற்றிப் பேசி நான் பரிசு பெற்றேன். அப்பேச்சில் இரண்டு செய்திகளே இருந்தன. ஒன்று, நோயுற்றுப் படுக்கையில் இருந்த அவரைக் காண வந்த ஹார்டி தாம் வந்த வாடகை வண்டியின் இலக்கம் 1729 என்று கூற, அவர் அக்கணமே அது இரு கன எண்களின் கூட்டுத்தொகையாக இருவகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் என்றது. மற்றது, நாமகிரித் தாயார் கனவில் தோன்றி அவருக்குக் கணித உண்மைகளை அருளியது. இரண்டும் அவர் வரலாற்றில் இடம்பெறுபவையே. அவருடைய பக்தியைக் குறைத்து மதிப்பிட எனக்கு உரிமையில்லை. ஆனால் இவ்விரண்டையும் மட்டும் கூறி அமைவோமாயின், அவர் உழைப்பு முழுவதும் மறைந்துபோகின்றது. தாளின் விலைக்கு அஞ்சிச் சிலேற்றில் எழுதி, முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதிய கையை நாம் மறந்துவிடுகின்றோம். 1729 ஒரு கணத்தில் சொல்லப்பட்டது. 6746328388800 ஒரு கணத்தில் சொல்லப்பட்டதன்று. முன்னதை எல்லோரும் அறிவர். பின்னதை அறிந்தோர் சிலரே.

இதனால் வரும் கேடு யாது? அருளால் மட்டுமே வந்த அறிவு என்று ஒன்றைக் கூறிவிட்டால், அருள் பெறாதார்க்கு அங்கே வேலையில்லை. ஹந்தானையிலோ கலஹாவிலோ தெல்தோட்டையிலோ தோட்டப் பாடசாலையில் கணிதம் பயிலும் ஒரு சிறுமி, 1729 கதையைக் கேட்டு வியக்கலாம். ஆனால் அக்கதை அவளுக்கு வாயிலைத் திறப்பதில்லை. கொத்தும் சுண்டும் அறிந்த அவளிடம், ‘12 இற்கு எத்தனை வகுத்திகள்? அதற்கு முன்னுள்ள எந்த எண்ணுக்கேனும் அத்தனை உண்டா?’ என்று கேட்டால், அவள் ஒரு பென்சிலோடு இராமானுஜன் தொடங்கிய இடத்திலேயே தொடங்கலாம். அவர் விட்ட எண்ணையும் ஒருநாள் அவளே கண்டுகொள்ளலாம்.

பெரியோரின் தவறுகளைச் சுட்டுவது அவமதிப்பு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. விழா மேடைகளிலும் மலர்களிலும் நாம் எழுதும் பாராட்டுரைகள் இதற்குச் சான்று. 293318625600 நமக்குக் கற்பிப்பது இதற்கு மாறானது. அவ்வெண் விடுபட்டதைக் கண்டவர்கள், முதலில் அவ்வட்டவணையை வரிக்கு வரி வாசித்திருக்க வேண்டும். அவர் வகுத்த விதிகளைக் கற்றிருக்க வேண்டும். அவ்விதிகளைக் கொண்டே அவர் விட்ட எண்ணைக் கண்டிருக்க வேண்டும். ஒரு நூலை இதனினும் மேலாக மதிக்க வழி உண்டா? இராமானுஜனை வணங்கிய பலருக்குத் தெரியாத எண்ணை, அவரை வாசித்த சிலர் கண்டனர்.

வரலாறு பயில்வோர் அட்டவணைகளோடு வாழ்பவர். அரசர் நிரல்கள், லேகம் மிட்டிகள் எனப்படும் கண்டிய நிலப் பதிவேடுகள், குடித்தொகைக் கணக்குகள் யாவும் அட்டவணைகளே. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கும். சில கவனப் பிசகால், சில பணமின்மையால், சில நம் பெருமித உணர்வால். விடுபட்டதைத் தேடி அதன் இடத்தில் வைப்பதே நம் தொழில்.

இன்று அச்சாகும் உயர்சேர்த்தி எண் நிரல்களில் 293318625600 தனக்குரிய இடத்தில் நிற்கின்றது. அது சேர்ந்ததால் இராமானுஜனின் புகழில் ஒன்றும் குறையவில்லை. அவர் அட்டவணையில் ஒரு வரி கூடியது.